அட்மின் இல்லாத குழு

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் நாற்பது சிறு காபி விவசாயிகள். விலை, கூலி, லாரி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஒரு சண்டையில் அட்மின் பாதிப் பேரைத் தூக்கிவிட்டார், பொதுப்பணக் கணக்கும் அவர் போனிலேயே இருக்கிறது. பிளாக்செயினுக்கு மாறினால் தலைவரே தேவையில்லை என்கிறான் தங்கை மகன். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பிளாக்செயினில் ஒரே கணக்கு நோட்டின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும், ஒருவர் பழைய பக்கத்தைத் திருத்தினால் மற்றவற்றோடு ஒத்துவராமல் மாட்டிக்கொள்வார். 2015-இல் வந்த எத்தீரியம் மாதிரித் தளங்களில், இத்தனை பேர் சம்மதித்தால்தான் பணம் நகரும் என்று விதியையே நிரலாக எழுதி வைக்கலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

'தலைவரே இல்லை' என்பதுதான் இடிக்கிறது. 2016-இல் தொடங்கிய ஸ்டீம், எழுதுகிறவர்களுக்கு டோக்கன், அதாவது டிஜிட்டல் நாணயம், தரும் சமூக வலைத்தளத்துக்கான பிளாக்செயின். யார் கையில் டோக்கன் அதிகமோ அவர் ஓட்டுக்கு எடை அதிகம். 2020-இல் ட்ரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் அதன் பின்னால் இருந்த நிறுவனத்தை வாங்கினார். டோக்கன் வாங்கி விற்கும் சந்தைகளான சில எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த டோக்கனைக் கொண்டே அவர் பக்கம் ஓட்டுப் போட, நோட்டைப் பராமரித்த பழைய பொறுப்பாளர்கள் வெளியே போனார்கள். ஆனால் சில வாரங்களிலேயே, மார்ச் 20 அன்று, உறுப்பினர்கள் மொத்த நோட்டையும் நகலெடுத்து ஹைவ் என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், அந்த நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு! உங்கள் அட்மினிடம் இதைச் செய்ய முடிந்ததா?

அதனால் ஏக்கருக்கு ஒரு டோக்கன் என்று ஆரம்பிக்காதீர்கள், நாளைக்கே ஒரு எஸ்டேட்காரர் உள்ளே வந்தால் கதை முடிந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு. முகம் தெரியாத கூட்டத்தில் ஒருவரே பத்துப் பேராக வருவார், உங்களுக்குள் அந்தத் தொல்லை இல்லை. ஆதார் எண்ணை மட்டும் ஏற்றிவிடாதீர்கள், அழிக்க முடியாது. அப்புறம், ரொபஸ்டாவை அராபிகா என்று பதிந்தால் பிளாக்செயின் அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காப்பாற்றும். அரட்டை வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், சரியா? அட்மின் மூன்று பேராக இருந்தால் போதும்.

கேள்வி: ஆன்லைன் குழுவில் கிடைத்த டோக்கனை விற்றால் வரி உண்டா? (செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: உண்டு. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி). ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள்.