அல்சாஸ் வைனும் ஊவாக் கொழுந்தும்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் கம்பனியில் சிலரை அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் ஒரு வைன் சுவை விழாவுக்கும் இரவு விருந்துக்கும் அழைத்திருக்கிறார்கள். பிரான்சின் அல்சாஸ் பிரதேச வைன்களாம். நான் ஊவா மாகாணத்தில், பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறார். சாராயத்தாலும் கசிப்பாலும் லயத்தில் எத்தனை வீடுகள் நாசமாயின என்று கண்ணால் கண்டவள், வைனைத் தொட்டதே இல்லை. வாயில் வைத்துவிட்டுத் துப்புவார்கள் என்றும் சொல்கிறார்கள்; கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. போகலாமா? போனால் அங்கே எனக்கு என்ன வேலை? என்ன உடுத்துவது என்றுகூடத் தெரியவில்லை.

ச.,
வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

போங்கள். குடிப்பதா வேண்டாமா என்பது தனி விஷயம். கசிப்பால் வீடுகள் அழிந்ததைப் பார்த்த ஒருவர் மதுவைத் தொடமாட்டேன் என்றால், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸை எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம். பாதிக் காரியம் மூக்கில்தான் நடக்கிறது. யாராவது வற்புறுத்தினால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

துப்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்து மதிப்பவர்கள் இந்த நகரத்தில்தான் வேலை செய்கிறார்கள். நீண்ட மேசையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் காய்ந்த தூளும் ஊறிய இலையும். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, கூடவே நகர்த்திக்கொண்டு வரும் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள். வைனிலும் இதே முறைதான். விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது கிளாஸில் நாக்கு எதையும் சொல்லாது. உங்கள் அம்மா எடுத்த கொழுந்தும் இப்படி யாரோ ஒருவர் வாயில் வைத்துத் துப்பிய பிறகுதான் விலை போயிருக்கும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அல்சாஸ் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலி முகத்திடலுக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் நான் போன விருந்தும் அந்தப் பிரதேசத்தினுடையதுதான். வைன் கொண்டுவந்தவர் போத்தலைத் திறப்பதற்கு முன் ஒரு வரைபடத்தை விரித்தார். மேற்கே வோஜ் மலைகள், கிழக்கே ரைன் ஆறு, இடையில் திராட்சைச் சரிவுகள். அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மழை மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெருமளவு கொட்டித் தீர்ந்துவிடும். கிழக்குச் சரிவுக்குக் கிடைப்பது வெயிலும் உலர்ந்த காற்றும். அங்கேயுள்ள கோல்மார் நகரம் பிரான்சில் மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று.

அவர் சொல்லச் சொல்ல, இது நம் ஊவா அல்லவா என்று பட்டது. தென்மேற்குப் பருவமழை வட்டவளை, ஹட்டன் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கச்சான் காற்றாக உங்கள் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றில் வாடும் செடி கொழுந்தைக் குறைவாகத்தான் விடும். ஆனால் ஊவாவுக்கே உரிய, மெந்தோல் சாயலுள்ள மணம் அந்தக் கொழுந்தில்தான் ஏறும். உலகச் சந்தையில் ஊவாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த மணம்தான். கச்சான் அடிக்கும் மாதங்களில் கூடை நிறைய எவ்வளவு நேரமாகும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்கிறீர்கள். மலையும் காற்றும் இலையில் என்ன செய்யும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் அந்த மேசையில் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

எனக்கு அன்று மனதில் தைத்த விஷயம் வேறு. அல்சாஸில் 51 திராட்சைத் தோட்டப் பகுதிகளுக்குச் சட்டப்படி ‘கிராண்ட் க்ரூ’ என்ற மிக உயர்ந்த தரத் தகுதி உண்டு. அவற்றில் ராங்கென் என்று ஒன்று: எரிமலைப் பாறை, காலூன்றவே சிரமமான செங்குத்து. அந்தச் சரிவின் பெயர் லேபிளில் இருக்கிறது, வைன் செய்த குடும்பத்தின் பெயரும் இருக்கிறது. விருந்தில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ஊற்றினார்கள். நம் தேயிலைக்கு ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு. பல தோட்டத்துத் தூளைக் கலந்து பக்கெட்டில் அடைக்கும்போது பெரும்பாலும் அது காணாமல் போய்விடும். கொழுந்தெடுத்தவரின் பெயர் செக்ரோலோடு, அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டோடு, நின்றுவிடுகிறது. அவருடைய நாட்சம்பளம் 1000 ரூபாயானது, வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான். எனக்கு இதில் மனம் ஆறுவதேயில்லை. தூரத்து மலைச்சரிவின் பெயரை இவ்வளவு மரியாதையோடு உச்சரிக்கிற கொழும்பு, தன் மலைகளின் பெயரையும் அங்கே கூடை சுமக்கும் பெண்களின் பெயரையும் சொல்லப் பழக வேண்டும். நீங்கள் அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பழத்தைப் பறித்தது யார், அவர்களுக்கு என்ன கூலி? நான் கேட்காமல் விடுவதில்லை.

சரி, சாப்பாடு. நான் போன இடத்தில் நண்டுக் கறி வைத்தார்கள். உறைப்போடு துவர்ப்பான சிவப்பு வைன் சேராது. மதுவும் மிளகாயின் எரிவைக் கூட்டும். அல்சாஸ் பெரும்பாலும் வெள்ளை வைன் செய்யும் பிரதேசம் என்பது நமக்கு வசதி. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் வைனின் புளிப்பு, தேசிக்காய் பிழிந்துவிட்டது போல நண்டோடு சேரும். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற இன்னொரு திராட்சையின் வைன் வந்தால் அவசரப்படாமல் மணந்து பாருங்கள், ரோஜாவும் லைச்சியும் மணக்கும். கற்பனையில்லை; லைச்சியில் உள்ள அதே மணப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பழைய ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், வயதான ரீஸ்லிங்குக்கு அது இயல்பு.

உடைக்குச் சேலையோ சுடிதாரோ எது வசதியோ அது போதும். சென்ட் மட்டும் பூசாதீர்கள், மல்லிகையும் அன்றைக்கு வேண்டாம். உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் வைனின் மணம் பிடிபடாது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அப்புறம், திரும்பி வரும்போது வண்டி ஓட்டுபவர் குடிக்காதவரா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

அன்புடன்,
அக்கா