அச்சாரம் கொடுத்துவிட்டுக் கைதட்டுங்கள்

சேலம் வாசகர்களின் கேள்விகளுக்கு, அம்மாப்பேட்டையில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதிய அம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் தெரு நலச் சங்கத்தில் இந்தப் பொங்கலுக்கு டிஜே வேண்டாம், கூத்து வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அக்கம்பக்கத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நாலைந்து ஸ்டாலும் போடப் போகிறோம். எப்படி ஏற்பாடு செய்வது? 'நல்ல விளம்பரம் கிடைக்கும்' என்று சொன்னால் கலைஞர்கள் குறைந்த தொகைக்கு வருவார்களா?
– ஒரு வாசகர், அழகாபுரம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குறைத்துக் கேட்காதீர்கள். விளம்பரத்தை வைத்து அவர்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. தை பிறந்த பிறகு கோயில் திருவிழாக்களில் ஆட்டம் வரிசையாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த வெறும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது சம்பாதிக்க வேண்டும். குழு என்றால் வேடம் கட்டுகிறவர்கள் மட்டும் இல்லை. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு, சாமான் ஏற்றி வரும் வேன் டிரைவர் வரை பங்கு போகும். நீங்கள் பேசும் தொகையை அத்தனை பேருக்கும் பிரித்துப் பாருங்கள், ஒருவருக்கு ஒரு நாள் கொத்தனார் கூலியாவது வருகிறதா என்று தெரிந்துவிடும்.

போனில் முடிக்காமல் நாலு பேர், கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியாரை நேரில் போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுங்கள். பாதித் தொகை கொடுத்தால் நல்லது. கையில் அச்சாரம் இருந்தால்தான் அதே தேதிக்கு வருகிற வேறு ஊர்க்காரரிடம் அவர் 'இல்லைங்க' என்று சொல்ல முடியும். மீதிப் பணம் ஆட்டம் முடிந்த அன்று இரவே, அவர்கள் அரிதாரம் கலைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். 'நாளைக்கு ஜிபே பண்ணிடறோம்' என்று அனுப்பிவைக்காதீர்கள். வேன் வாடகையை அவர்கள் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

அப்புறம், நேரம். கூத்து விடிய விடிய ஆடுகிற கலை. ஆனால் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் தெரு விழாவுக்கு அதை நம்பி இருக்க முடியாது. ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்கிவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு எந்தப் பகுதி பொருந்தும் என்பதை வாத்தியாரே முடிவு செய்யட்டும். கேள்விப்பட்ட பெயர் என்று 'கர்ண மோட்சம்' கேட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் அது துக்க வீட்டுக் காரியத்தில் ஆடுவது. பொங்கலுக்கு அர்ச்சுனன் தபசோ இரணியனோ கேட்டுப் பாருங்கள்.

வேடம் கட்ட ஓர் அறை ஒதுக்குங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலைக்குத் திரை கட்டி, ஒரு சின்ன பல்பு மாட்டி, 'இதுதான் ரூம்' என்று கலைஞர்களிடம் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முகத்தில் அரிதாரம் பூசி, மையால் புருவமும் மீசையும் எழுதி, மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழன்று ஆடும்போது கழலக் கூடாது என்று கயிற்றை அவ்வளவு இறுக்குவார்கள். தோளில் தடம் விழுந்துவிடும். கட்டிய பிறகு சரியாக உட்காரக்கூட முடியாது. நல்ல வெளிச்சம், ஆளுயரக் கண்ணாடி, மின்விசிறி, பக்கத்தில் கழிவறை, வேடம் கலைக்கத் தேங்காய் எண்ணெய், முடிந்ததும் சூடாகச் சாப்பாடு. இவ்வளவும் பேச்சுவார்த்தையிலேயே இருக்கட்டும்.

மேடை வேண்டாம். தரையில் ஆடட்டும்; மூன்று பக்கமும் ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். நடுவில் ஆட்டத்தை நிறுத்திப் பொன்னாடை போர்த்துவதும் சிறப்புரையும் வேண்டவே வேண்டாம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. குழுவில் யாராவது பதியாமல் இருந்தால், உங்கள் சங்கத்தில் படித்தவர் ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். பொன்னாடைக்குச் செலவழிப்பதைவிட இது எத்தனையோ மேல்.

ஸ்டாலுக்கு வாடகை வாங்காதீர்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கூட்டிச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள். அதை நம்பித்தான் அவர்கள் மாவு பிசைவார்கள். முக்கியமாக, ஒரு பக்கம் ஸ்டால் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் இலவச டிபன் போடாதீர்கள். பல விழாக்களில் இது நடக்கிறது. எல்லோரும் இலவச வரிசையில் நிற்பார்கள், பணியாரம் சுட்டுக் கொண்டுவந்த அக்கா அப்படியே திருப்பி எடுத்துப் போவார். உங்களிடம் சாப்பாட்டுக்குப் பணம் இருந்தால் அந்த ஸ்டால்களிலேயே கூப்பன் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி வேண்டும். ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. அம்மாப்பேட்டையில் ஏன் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால் அந்த விலையிலேயே வாங்குங்கள் அம்மா, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பாதி விலை வேட்டியைப் பட்டு என்று நம்பி வாங்காதீர்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டென்றால் முடி கருகும் வாடை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும்.

நம்முடைய வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெசவாளர் சங்கத்தில் வாங்கினால் கைத்தறி முத்திரையும், அசல் பட்டுக்கான சில்க் மார்க்கும் பார்த்து வாங்கலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று கணக்கு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன். தறியில் உட்காருகிறவருக்கு மட்டும் அது போவதில்லை. பாவு என்கிற நீளவாட்டு நூலை ஓட்டுகிறவர், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறவர், குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வீட்டுப் பெண்கள், இத்தனை கைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஊறிவிட்டால் சில நாள் வேலையே நின்றுபோகும். நெசவாளிக்கு முடித்துக் கொடுத்த உருப்படிக்குத்தான் கூலி, நின்ற நாளுக்கு இல்லை.

ஒன்று செய்யுங்கள். கல்யாணம் தையில் என்றால் ஆடியிலேயே சொல்லிவையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் விற்பனை படுத்துவிடும், சங்கத்தில் சரக்கு தேங்கும், அதனால் கூலியும் தள்ளிப்போகும். அந்த மாதத்தில் வருகிற ஒரு ஆர்டருக்கு உள்ள மதிப்பு முகூர்த்த மாதத்தில் வருகிற நாலுக்கு இல்லை. உங்களுக்கும் அவசரம் இல்லாமல் கரை பார்த்து, நீளம் பார்த்து வாங்க முடியும்.

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர்க் கடை ஒன்று சரக்கை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது. கேட்டால் ஆர்டரை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் பயம் நியாயமானது தம்பி. இந்த மூன்று மாதத்தில் வெள்ளி விலை ஏறிவிட்டால், வருகிற பணத்துக்கு விற்ற எடைக்குச் சமமாக வெள்ளி வாங்க முடியாது. லாபமில்லை என்பது போய் முதலே கரையும். கம்பி இழுக்கிறவர், பற்றவைக்கிறவர், மெருகு போடுகிறவர், வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோர்க்கிற பெண்கள் என்று உங்கள் தாமதம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் கெடு 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. அதற்கு நீங்கள் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள், பழைய பாக்கிக்குப் பின்தேதியிட்டு உதவாது. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

உடனே வழக்கு என்று போக வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கடையின் கணக்கருக்கு இது நன்றாகத் தெரியும். மார்ச் மாதத்துக்கு முன் பில் நகலோடு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தச் சட்டத்தின் கீழேயே முறையிட மன்றம் இருக்கிறது. ஒரே கடையை நம்பிப் பட்டறை நடத்துவதை மெல்லக் குறைத்துக்கொள்ளவும் பாருங்கள்.

கேள்வி: சேலத்தில் நல்ல தட்டுவடை செட்டு எங்கே கிடைக்கும்?
– சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஐந்து ரோடு

பதில்: குகைப் பகுதியிலும் அம்மாப்பேட்டையிலும் சாயங்காலம் நடந்து பாருங்கள். கடை பெயர் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் பெயர்ப்பலகையே இருக்காது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி வைத்துக் கையில் தருவார்கள். வாங்கிய கையோடு வாயில் போடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் நமத்துவிடும். பிடித்துவிட்டால் வாராவாரம் போங்கள், தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கலும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கையில் பணம் கிடையாது. எங்கள் பகுதிக் கடைகளுக்கும் கலைஞர்களுக்கும் நான் என்ன செய்ய முடியும் அம்மா?
– ஒரு மாணவி, கிச்சிப்பாளையம்

பதில்: நிறைய இருக்கிறது கண்ணு. மேலே சொன்ன உத்யம் பதிவை உன் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அக்காவுக்குச் செய்து கொடு. கூகுள் மேப்பில் கடை இருக்கிற இடம், திறக்கிற நேரம், வார விடுமுறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார். தப்பான நேரத்தைப் பார்த்து வந்து பூட்டிய கடையோடு திரும்புகிறவர் மறுபடி வருவதில்லை.

ஆடியில் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்குப் போயிருப்பாய். சாமி வேடம் போட்டு, சீரியல் விளக்கு வெளிச்சத்தில், வண்டி மேல் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். யார் ஜடை பின்னினார்கள், யார் கிரீடம் ஒட்டினார்கள், கைச்செலவு எவ்வளவு ஆனது என்று கேட்டு எழுதிவை. பெரியவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டிய விஷயம் இது. உன்னைப் போல அங்கேயே வளர்ந்தவள் எழுதினால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கேள்வி: மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போகிறோம். அந்த ஊர்க்காரர்களுக்கு உபயோகமாக என்ன வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: காபியும் மிளகும். சேர்வராயன் மலைக்கு 1820-களில் காபி வந்தது, இன்றும் சிறு தோட்டக்காரர்கள் பலர் நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி, கீழே காபி வளர்க்கிறார்கள். பழம் பறிப்பது குளிர்காலத்தில். மே மாதம் அந்த வருடத்துக் கொட்டையே கிடைக்கும். மலையிலேயே வறுத்து அரைக்கிற சின்னக் கடையாகப் பார்த்துப் போங்கள். பொட்டலத்தில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பிடித்திருந்தால் போன் நம்பர் வாங்கி வந்து, மழைக்காலத்தில் கூட்டம் இல்லாதபோது கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.