இருட்டில்தான் ஓயாத வேலை: கண் செல்கள் பற்றி நான்கு கேள்விகள்

வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ‘ஆன்’ ஆகின்றன என்பது சரிதானா?

இல்லை, நேர் எதிர். முதன்முதலில் படித்தபோது எனக்கும் நம்ப முடியவில்லை. இருட்டில்தான் இந்த செல்களுக்கு ஓயாத வேலை. சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு செல் சவ்வின் வாயில்களைத் திறந்தே வைத்திருக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அடுத்த செல்லுக்கு குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் ரசாயனம் போய்க்கொண்டே இருக்கும்.

வெளிச்சம் செய்வது ஒரே ஒரு காரியம். இந்த செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற புரதத்துக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு, ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, வாங்கியதும் நிமிர்கிறது. அதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ நொடி. ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அப்புறம் நடப்பதெல்லாம் வேதியியல். நிமிர்ந்த ரெட்டினாலால் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அது டிரான்ஸ்டூசின் என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்ப, டிரான்ஸ்டூசின் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியை முடுக்கிவிடுகிறது. நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, வாயில்கள் மூடுகின்றன. செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட்டிலிருந்து மைனஸ் 70 பக்கம் இறங்குகிறது, குளூட்டமேட் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் அடுத்த செல்கள் ‘வெளிச்சம்’ என்று எடுத்துக்கொள்கின்றன.

ஒரே ஒரு ஃபோட்டானைக் கண் உணருமா?

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல் ஒன்று உணரும். நாம் ‘பார்த்தேன்’ என்று சொல்ல இன்னும் சில வேண்டும்: 5 முதல் 14 வரை என்று 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூன்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு, பொய்ச் செய்தி எவ்வளவு அபூர்வம் என்பதுதான். ஒரு ரொடாப்சின் மூலக்கூறு வெளிச்சமே இல்லாமல் உடல் வெப்பத்தால் தானாகத் தூண்டப்பட, சராசரியாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஒரு கோல் செல்லில் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் இந்த நிதானம் அவசியமாகிறது.

வெயிலிலிருந்து இருட்டறைக்குள் போனால் கண் பழக ஏன் இவ்வளவு நேரம்?

கண் பாப்பா விரிவது சில நொடி வேலை. தாமதம் வேதியியலில். நிமிர்ந்த ரெட்டினால் புரதத்தை விட்டு விலகி, பக்கத்து நிறமி அடுக்குக்குப் போய், அங்கே ஆர்பிஈ65 என்ற நொதியால் மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்பி வரவேண்டும். பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்கள் 10 நிமிடத்துக்குள் தேறிவிடும். கோல் செல்கள் முழுதாகத் தேற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மங்கிய சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டால் பழகிய கண் அதிகம் கெடாது. கோல் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்ட தெரியாது.

அந்த நொதிக்கான மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் சிறு வயதிலேயே பார்வையை இழக்கிறார்கள். நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் குடும்பத்தில் இப்படி யாராவது இருந்தால் மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். செல்கள் அழிந்தபின் இந்தச் சிகிச்சை உதவாது.

கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

முடியாது. ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், அப்போது கேரட்டும் கீரையும் உதவும். கிட்டப்பார்வை கண்ணின் வடிவம் சம்பந்தப்பட்டது. வைட்டமின் ஏ மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் அதிகமாக விழுங்கவும் வேண்டாம், கல்லீரலைக் கெடுக்கும்.