சகுமாவுக்கு யார் முடிவெடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானில் 1999-ல் 3,232 ஆக இருந்த உள்ளாட்சிகள், ஊர்களை ஒன்றோடொன்று இணைத்ததால் 2010-ல் 1,727 ஆகக் குறைந்துவிட்டன என்று படித்தேன். அதை ஓர் இழப்பாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஆளே குறைந்துவரும் மலையூருக்குத் தனி அலுவலகம், தலைவர், மன்றம் எல்லாம் எதற்கு? பெரிய நகரத்தோடு சேர்வது நல்லதுதானே?

கே.

அன்புள்ள கே.,

சேர்ந்த ஊர்களின் தலைவர்கள் பலரும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டார்கள். இணைந்தால் சிறப்புக் கடன் வாங்கலாம். திருப்பிக் கட்டுவதில் 70 சதவீதத்தை மத்திய அரசு ஈடுகட்டும். மறுபக்கம், சிற்றூர்களுக்கு அரசு பகிர்ந்து தரும் நிதி சுருங்கிக்கொண்டே வந்தது. மறுத்து நிற்கத் துணிச்சல் வேண்டியிருந்தது.

ஷிஜுவோக்கா மாகாணத்தின் சகுமாவைப் பாருங்கள். தென்ரியு ஆற்றில் 1956-ல் கட்டிமுடித்த பெரிய அணை உள்ள மலையூர். 2005 ஜூலை 1 அன்று அதுவும் இன்னும் 10 ஊர்களும் ஹமமாட்சு நகரத்தோடு சேர்ந்தன. பழைய ஊர் ஒவ்வொன்றுக்கும் ஆலோசனை மன்றம் இருக்கும், அந்தந்த ஊரின் வழக்கம் தொடரும் என்று அப்போது சொல்லப்பட்டது. 2012-ல் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. மாநகரத்தை 2007-ல் பிரித்த 7 வட்டங்களை 2024-ல் மூன்றாக்கினார்கள். சகுமா இருக்கும் தென்ரியு வட்டம் மாநகரத்தின் நிலத்தில் பாதிக்கும் மேல். ஆனால் மாநகர மன்றத்தில் இடம் தலைக்கணக்குப்படிதானே கிடைக்கும்? மலைப்பாதையில் மண் சரிந்தால் எந்தச் சாலையை முதலில் சீர்செய்வது என்று முடிவுசெய்யும் அதிகாரம் கீழே, சமவெளிக்குப் போய்விட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். அலுவலகக் கட்டடம் போனதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஊர்க்காரர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. இணைப்பு நடந்த அதே ஆண்டில் சேவை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள்; பெரும்பாலான குடும்பங்கள் உறுப்பினராயின. அப்புறம் அந்த அமைப்பே வாடகைக் கார் ஓட்டத் தொடங்கியது. ஓட்டுபவர்கள் உள்ளூர் ஆட்கள்; வண்டி இல்லாத முதியவர்கள் மருத்துவரிடமும் கடைக்கும் அதில்தான் போனார்கள். அருமையான காரியம். ஆனால் வரி வாங்கும் மாநகராட்சி செய்யவேண்டிய வேலையை வயதானவர்கள் தங்கள் தோளில் சுமந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பக்கத்து ஊர் மிசகுபோவில் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. மலைக்கணவாயில் நாகானோ மாகாணத்து மினாமிஷினானோவோடு ஆண்டுதோறும் கயிறு இழுப்பார்கள். ஜெயிப்பவர் ‘எல்லைப் பலகை’யை எதிரி மண்ணுக்குள் ஒரு மீட்டர் தள்ளி நடலாம். 1987-ல் தொடங்கியது. 2005-ல் இரண்டு ஊர்களுமே நகரங்களுக்குள் போய்விட்டன. கயிறு இழுப்பது நிற்கவில்லை. ஊர்ப்பற்று இருக்கிறது, கே. அதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம்தான் இல்லை.

சேராமல் நின்ற ஊர்களும் உண்டு. ஷிமானே மாகாணத்தின் அமா என்ற தீவூர் தனித்தே இருப்பதென்று முடிவெடுத்தது. தலைவர் தன் சம்பளத்தைப் பாதியாக்கினார், ஊழியர்களும் குறைத்துக்கொண்டார்கள். மிச்சமான பணத்தைக் குழந்தை வளர்ப்புக்குத் திருப்பினார்கள். மூடும் நிலையிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு வெளியூர் மாணவர்களை வரவழைத்துக் காப்பாற்றினார்கள். எல்லா ஊராலும் இது முடியாது, சரி. சேர்ந்தே ஆகவேண்டிய ஊர்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: பழைய ஊர்மன்றத்துக்கென்று ஒரு சிறு நிதியும், அதைச் செலவிடும் உரிமையும் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். பின்னால் வரும் மேயர் நினைத்தவுடன் கலைத்துவிட முடியாதபடி.