வாடை உங்களுடையது, தையல் கடைக்காரருடையது

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் 190 வெள்ளிக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் (டைவிங்குக்குப் போடும் ரப்பர் உடை) ஒன்று வாங்கினேன். மலேசியாவின் தியோமான் தீவுக்கு இரண்டு முறை, சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவுக்கு ஒரு முறை டைவிங் போனதோடு சரி. இப்போது பையைத் திறந்தாலே மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அக்குளில் தையலும் விட்டுவிட்டது. கடையில் கேட்டால், "வாஷிங் மெஷினில் போட்டிருப்பீர்கள்" என்கிறார்கள். சத்தியமாகப் போடவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? — ஈசூன் வாசகர்

பதில்: முதலில் வாடை. அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. தியோமானிலிருந்து மெர்சிங்குக்குப் படகு, அங்கிருந்து பேருந்து, அப்புறம் சோதனைச்சாவடி வரிசை. வீடு சேரும்வரை ஈர உடை கட்டிய பைக்குள்ளேயே புழுங்குகிறது. உப்பு, வியர்வை, (நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்) சிறுநீர் எல்லாம் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கு விருந்துதான்.

வீட்டுக்கு வந்ததும், களைப்பாக இருந்தாலும், உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு வாளி சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீரை மாற்றி, குழந்தைகள் ஷாம்பு கொஞ்சம் விட்டுக் கையாலேயே அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். வெட்சூட் செய்யப்படும் நியோபிரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்ட ரப்பர். சூடு தருவதே அந்தக் குமிழிகள்தான். சுடுநீர், பிளீச், டிரையர் எதுவும் அதற்கு ஆகாது. ஜிப்பைத் தண்ணீருக்குள்ளேயே நாலைந்து முறை மேலும் கீழும் இழுங்கள், பற்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு போய்விடும். ஏற்கெனவே ஏறிய வாடைக்கு, டைவிங் கடைகளில் கிடைக்கும் என்சைம் கழுவுநீர் நன்றாக வேலை செய்யும்.

வெளியே மூங்கில் கழியில் வெயிலில் காயப்போட்டால் ரப்பர் சீக்கிரமே விறைத்துவிடும். மெல்லிய கம்பி ஹேங்கரும் வேண்டாம், ஈரக் கனத்தில் தோள் இழுபடும். தடித்த கழியில் இடுப்போடு மடித்துப் போட்டு, மின்விசிறி வையுங்கள். உள்பக்கம் காய்ந்த பிறகு திருப்புங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இனி தையல். கிழிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பரிலேயே பிறை வடிவ வெட்டு தெரிந்தால் அது போடும்போது உங்கள் நகம் பட்டது. ரப்பர் முழுசாக இருந்து நூல் மட்டும் பிரிந்திருந்தால், பேச இடமிருக்கிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் 'லெமன் லா' (குறையுள்ள பொருள்களுக்கான பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்)படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேளுங்கள். அது நடக்காவிட்டால்தான் விலைக் குறைப்பு, பணம் திரும்பப் பெறுவது எல்லாம்.

அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' உதவும். கடைசி வழி, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் வைக்கவே முடியாது, அந்தச் செலவு மிச்சம்.

ஒன்று மட்டும்: கடைக்கு எடுத்துப் போகும்வரை பசை போட்டு நீங்களே ஒட்டிவிடாதீர்கள். படம் எடுத்து, ரசீதையும் தேடி வையுங்கள். வாடையைப் போக்கிவிட்டே கொண்டு போங்கள்.