இதயம் முழுவதும் ரத்தம் இருக்க, இதயத்துக்கே ஏன் பற்றாக்குறை?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மெலிந்த உடல்வாகு. இரண்டு மாதங்களாக, இரண்டாவது மாடிக்கு ஏறும்போது கடைசிப் படிகளை நெருங்குகையில் நெஞ்சின் நடுவில் ஏதோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்கிறார். சில நிமிடங்கள் நின்றால் சரியாகிவிடுகிறது. வாயுத் தொல்லை என்று அவராகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வற்புறுத்தி அழைத்துச் சென்று இசிஜி எடுத்தோம். கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. ஆனாலும் மருத்துவர், இதயத்துக்கு ரத்தம் போதாமல் இருக்கலாம் என்று சொல்லி, இதயநோய் நிபுணரைப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். "இசிஜி நன்றாக இருக்கும்போது எதற்கு வீண் அலைச்சல்?" என்று இவர் மறுக்கிறார். குடும்பத்தில் யாருக்கும் இதயநோய் கிடையாது. புகைப்பழக்கம் மட்டும் பல ஆண்டுகளாக உண்டு. எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கும் இதயத்துக்கு ரத்தம் எப்படிப் போதாமல் போகும்? இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கம் பிறகு இருக்கட்டும். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது சரி. உங்கள் கணவர் இந்த வாரத்திலேயே இதயநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஏறினால் வந்து, நின்றால் போகும் நெஞ்சழுத்தத்தை, மாறான காரணம் நிரூபிக்கப்படும்வரை, இதயத்திலிருந்து வருவதாகத்தான் கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி மேலோட்டமானதல்ல. அதற்குரிய பதிலிலேயே உங்கள் கணவருடைய மறுப்புக்கும் பதில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதயம் என்பது ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு அருகருகே இயங்கும் இரண்டு பம்புகள். உடலெங்கும் சுற்றி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை இடப்பக்கம் வாங்கிப் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 துடிப்பு என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நம் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். இதே போன்ற ஒரு கணக்கைப் போட்டுத்தான் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியிட்ட நூலில், ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவினார். உணவிலிருந்து ரத்தம் ஓயாமல் உருவாகி உடலால் உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்பதே அதுவரை இருந்த நம்பிக்கை. அரை மணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது என்றால், வெளியே போன ரத்தமேதான் திரும்பி வர வேண்டும். வேறு வழியில்லை என்றார் அவர். தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகக் கடக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், இரண்டையும் இணைக்கும் தந்துகிகள் என்ற நுண்குழாய்கள் கண்ணில் பட்டன.

இவ்வளவு ரத்தம் உள்ளே வந்து போனாலும், இதயச் சுவர் அதிலிருந்து நேராகப் பசியாறிக்கொள்வதில்லை. இடக் கீழறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன் கொண்ட கெட்டியான தசை. உள்ளறையில் நிற்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அந்தச் சுவரின் மிக மெல்லிய உட்படலத்துக்குமேல் ஊடுருவாது. ஆகவே இதயமும் மற்ற உறுப்புகளைப் போலத் தன் பங்கை வெளியிலிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது. பெருந்தமனி புறப்படும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு தமனிகள் பிரிகின்றன. இடத்தமனி சிறிது தூரத்திலேயே இரண்டு பெருங்கிளைகளாகிறது. மருத்துவர்கள் "மூன்று குழாய்கள்" என்று பேசுவது இவற்றைத்தான். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்தக் கொரோனரி தமனிகள் அடைபட்டால், உள்ளே எத்தனை லிட்டர் ரத்தம் ஓடினாலும் அந்தத் தசைக்குப் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கைவிரல்களை மடக்கி, முடிந்த அளவு இறுக்கமாக முஷ்டி பிடித்துச் சில நொடிகள் வைத்திருந்து, பிறகு விரியுங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் திரும்பும். இறுக்கம் தோலில் ஓடும் நுண்குழாய்களை நெரித்துவிடுகிறது. இறுகும் தசையும் தனக்குள் ஓடும் குழாய்களை அதேபோல் நெரிக்கிறது. இதயமும் அப்படித்தான். சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் கணத்தில் இடக் கீழறையின் சுவருக்குள் ரத்தம் நுழைவது அரிது. தளர்ந்து விரியும் இடைவெளியில்தான் அது தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. ஓய்வில் இருக்கும்போது ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.85 நொடி, அதில் பாதிக்குமேல் தளர்வு நேரம். படியேறும்போது துடிப்பு 140 ஆகிவிட்டால் ஒரு துடிப்புக்கு 0.43 நொடிதான் கிடைக்கும். அதில் பெரும்பாலும் குறைந்துபோவது சுருங்கும் நேரமல்ல, தளரும் நேரம். அதாவது இதயத்துக்கு ரத்தம் மிகுதியாக வேண்டிய நேரத்தில்தான், அதைப் பெற்றுக்கொள்ளும் அவகாசம் சுருங்கிப்போகிறது.

மற்ற உறுப்புகளுக்கு ஒரு சேமிப்பு இருக்கிறது. ஓய்வில் உடல் முழுவதுமாகச் சேர்ந்து, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. தேவை கூடினால் மிச்சத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. மேலும் எடுக்க அதிகம் மிச்சமில்லை. வேலை கூடினால் அதற்கு இருக்கும் ஒரே வழி, குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் ஓடிவருவதுதான். நலமான தமனிகளில் இந்த ஓட்டம் நான்கு மடங்குவரைகூடப் பெருகும். உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து குறுகிப்போன குழாயில் அது பெருகாது.

இப்போது உங்கள் வீட்டு மாடிப்படிக்கு வருவோம். உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கணவருடைய இதயத்துக்கு வேண்டிய ரத்தம் குறுகிய குழாயிலும் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடிவரையும் சமாளிக்கிறது. அதற்குமேல் தேவை ஏறிக்கொண்டே போகிறது, வரவு கூடாமல் அதே அளவில் நின்றுவிடுகிறது; அந்த எல்லையைத் தாண்டும் படியில் தசை ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது. அந்தத் தவிப்பைத்தான் அவர் அழுத்தம் என்கிறார். நின்றதும் தேவை இறங்குகிறது, அழுத்தமும் விலகுகிறது. இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். 1772-இல் அச்சான தம் கட்டுரையில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதைத்தான் விவரித்தார்: நடக்கும்போது வருகிறது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் வருகிறது, நின்ற மாத்திரத்தில் மறைந்துவிடுகிறது. காரணம் அவருக்குப் புலப்படவில்லை; ஆனால் அன்று அவர் கவனித்ததையேதான் இன்றும் நாங்கள் முதல் கேள்வியாகக் கேட்கிறோம். வாயுத் தொல்லைக்கு நீங்கள் எத்தனை படி ஏறினீர்கள் என்ற கணக்குத் தெரியாது. வாயு மாத்திரை போட்டபின் வலி குறைந்தது என்பதும் சான்றாகாது. மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதற்காக அவர் நின்றிருப்பார் அல்லவா?

இசிஜி நன்றாக இருந்ததே என்ற வாதத்துக்கு இதற்குள் உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். படுக்கவைத்து எடுக்கும் இசிஜி, வரவும் தேவையும் ஒத்துப்போகும் நேரத்தில், சில நொடிகளுக்கு எடுக்கும் பதிவு. பழைய மாரடைப்பின் வடு, அந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் பாதிப்பு, துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவற்றை அது காட்டும். உழைப்பின்போது மட்டும் வரும் பற்றாக்குறையை அது காட்ட வேண்டிய கட்டாயமில்லை. உண்மையாகவே ஆஞ்சைனா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓய்வுநேர இசிஜி சரியாகவே இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், நடந்தால் மார்பு அடைக்கிறது என்று சொல்லி வந்த ஒருவருக்கு, இசிஜி சரியாக இருந்ததைப் பார்த்து, அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவரை மாரடைப்போடு கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்; ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதியை இழந்துதான் பிழைத்தார். அன்று நான் கேட்கத் தவறியது, "எவ்வளவு தூரம் நடந்தால்?" என்ற ஒரே கேள்வியை.

மெலிந்தவர், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பவை ஆறுதலான செய்திகள்தாம், ஆனால் காப்பு அல்ல. புகையும், உயர் ரத்த அழுத்தமும், சர்க்கரை நோயும், மிகுந்த எல்.டி.எல். கொழுப்பும் தமனியின் உட்சுவரைச் சேதப்படுத்துவதற்கு முன் உடல் எடையைப் பார்ப்பதில்லை. அவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று நீங்கள் எழுதவில்லை; இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஆஞ்சைனா மாரடைப்பல்ல, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு அஞ்சவும் வேண்டாம். தமனியின் உட்சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவின் மேலுறை திடீரென்று கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடும்போதுதான் மாரடைப்பு பெரும்பாலும் நேர்கிறது. பெரிய அடைப்பு மட்டுமே இப்படிக் கிழியும் என்றில்லை. அதுவரை ஓட்டத்தைத் தடுக்காமல் இருந்த சிறிய படிவும் கிழியலாம். அடைபட்டபின் தசை அரை மணி நேரத்துக்குள்ளேயே உட்புறத்திலிருந்து மடியத் தொடங்கிச் சில மணி நேரத்தில் சுவர் முழுவதும் பரவிவிடும். ஆகவே, அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நின்று ஓய்வெடுத்தும் பத்து, பதினைந்து நிமிடங்களில் விலகாவிட்டாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை சேர்ந்தாலோ நிபுணரிடம் வாங்கிய தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் தாமே வண்டி ஓட்டிச் செல்லக்கூடாது. முன்பு இரண்டாவது மாடியில் வந்தது இப்போது முதல் மாடியிலேயே வருகிறது என்றாலும் அது அவசரம்தான்.

அவர் மறுப்பதற்குப் பின்னால், பரிசோதனைக்குப் போனால் அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இத்தகைய ஆண்களில் பலரும் அதை வெளியே சொல்லாமல் "வாயு" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதலில் செய்யப்போவது ரத்தப் பரிசோதனையும், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும், தேவைப்பட்டால் உழைப்பின்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் டிரெட்மில் சோதனை அல்லது தமனிகளைக் காட்டும் சிடி ஸ்கேன். நோய் இருப்பது உறுதியானாலும் சிகிச்சையின் அடித்தளம் மாத்திரைகள்தாம்: துடிப்பின் வேகத்தைக் குறைத்து அந்தத் தளர்வு நேரத்தை நீட்டுபவை, படிவு கிழியாமல் நிலைப்படுத்தும் ஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின். ஸ்டென்டோ பைபாஸோ எல்லாருக்கும் வேண்டியிருப்பதில்லை. அடைப்பு எங்கே, எத்தனை என்பதைப் பொறுத்தே அது முடிவாகும். அவராகவே செய்யக்கூடியவற்றில் முதலாவது, புகையை விடுவது. விட்டு ஓராண்டு ஆகும்போது, புகையால் கூடியிருந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகிவிடும். எந்த மாத்திரைக்கும் குறையாத பலன் அது.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெண்களுக்கும் நெஞ்சழுத்தம்தான் முதன்மையான அறிகுறி; இருந்தாலும் மூச்சிரைப்பு, காரணமில்லாத களைப்பு, குமட்டல், முதுகு அல்லது தாடை வலி ஆகியவை அதை மறைத்துவிடுவது பெண்களிடம் அதிகம். அவருக்காக மருத்துவரிடம் போகும் நாளில் உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள்: எத்தனையாவது படியில் வருகிறது, நெஞ்சின் எந்த இடத்தில், அழுத்தமா குத்தலா, எத்தனை நிமிடம் நின்றால் விலகுகிறது, இரண்டு மாதத்துக்கு முன்பும் இதே படிதானா. சோதித்துப் பார்ப்பதற்காக மறுபடி ஏற வேண்டாம், நினைவிலிருந்து எழுதினால் போதும். அந்தத் தாளையும், எடுத்த இசிஜியையும், இப்போது போட்டுக்கொள்ளும் மாத்திரையின் அட்டையையும் நிபுணரிடம் கொடுங்கள். அதுவரை கனமான எதையும் தூக்கிக்கொண்டு ஏறாமல், சாப்பிட்டவுடன் ஏறாமல், முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அழுத்தம் தொடங்கும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஏறட்டும்.