மெயின்ஃப்ரேம் வழக்குகள் சிறு போட்டியாளர்களைக் காப்பாற்றினவா?

கேள்வி: ஐபிஎம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தனை ஏகபோக வழக்குகள் தொடரப்பட்டும், மெயின்ஃப்ரேம் சந்தையில் சிறு போட்டி நிறுவனங்கள் ஏன் நிலைக்கவில்லை? இனி ஒன்று வந்தால் நிலைக்குமா?

வங்கி, காப்பீடு போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஓட்டும் பெருங்கணினியான மெயின்ஃப்ரேமில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்தத் துறையில் எந்தப் பெட்டியை வாங்கலாம், எந்த மென்பொருளை எதில் ஓட்டலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை பொறியாளர்களிடம் இருப்பதைவிட ஒப்பந்தப் பத்திரங்களில்தான் அதிகம் இருக்கிறது என்பதால், இந்த வழக்குகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. நான் புரிந்துகொண்ட வரையில், வழக்கில் யார் வென்றார் என்பதைவிட வழக்கு எத்தனை ஆண்டுகள் இழுத்தது, அந்த ஆண்டுகளில் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் ஒதுங்கி நின்றார் என்பதே சிறு நிறுவனங்களின் தலைவிதியை முடிவு செய்திருக்கிறது.

முதலில் 1956. அமெரிக்க அரசு 1952இல் தொடுத்த வழக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆணையில் முடிந்தது. அதுவரை வாடகைக்கு மட்டுமே இயந்திரங்களைக் கொடுத்துவந்த ஐபிஎம், அவற்றை விலைக்கும் விற்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம் என்றானதால்தான் அதை வாங்கிக் குறைந்த வாடகைக்கு விடும் நிறுவனங்களும், பழைய இயந்திரங்களை விற்போரும் தலையெடுக்க முடிந்தது. சிறு நிறுவனங்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட ஆணைகளில் இதற்கு இணையாகச் சொல்ல இன்னொன்று எனக்குத் தோன்றவில்லை. நீதிபதி விசாரித்து அளித்த தீர்ப்பாக இல்லாமல், பேசி முடித்த உடன்பாடாக அது வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1964இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினி வரிசை வந்த பிறகு ஆட்டம் மாறியது. ஒரே கட்டமைப்பில் சிறியதும் பெரியதுமாகப் பல இயந்திரங்கள் என்பதால், அவற்றோடு செருகினால் வேலை செய்யும் டேப் டிரைவ், டிஸ்க் போன்ற துணைக்கருவிகளை மட்டும் செய்து, ஐபிஎம் விலையைவிடக் குறைத்து விற்க ஒரு கூட்டம் கிளம்பியது. டெலெக்ஸ், மெமோரெக்ஸ், கால்காம்ப் ஆகியவை அப்படி வளர்ந்தவை. இவற்றில் டெலெக்ஸின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றின் கதையும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போனது.

1971இல் ஐபிஎம் தன் துணைக்கருவிகளுக்கு ஒரு புதிய வாடகைத் திட்டத்தை அறிவித்தது. ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டால் 8 சதவீதமும், ஈராண்டுக்குப் போட்டால் 16 சதவீதமும் தள்ளுபடி. கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு நன்மையாகத் தோன்றும் இந்தத் திட்டத்தின் கூர்மை அதன் கால அளவில் இருந்தது: ஈராண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஈராண்டும் டெலெக்ஸின் விற்பனையாளருக்குக் கதவைத் திறக்க மாட்டார். அதே ஆண்டில், போட்டியாளர்கள் அப்போது எட்ட முடியாத மையச் செயலிகளின் விலையை ஐபிஎம் உயர்த்தியது. போட்டி இருக்கும் இடத்தில் விட்டதைப் போட்டி இல்லாத இடத்தில் ஈடுகட்டிக்கொண்டது என்பதே டெலெக்ஸின் குற்றச்சாட்டின் சாரம்.

டெலெக்ஸ் 1972 ஜனவரியில் ஓக்லஹோமாவின் டல்சாவில் வழக்குத் தொடுத்தது. 1973 செப்டம்பரில் நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன், மும்மடங்கு இழப்பீடாக 35.25 கோடி டாலரை ஐபிஎம் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு கணக்கைத் திருத்தி 25.95 கோடியாகக் குறைத்தார். அதே தீர்ப்பில், ஐபிஎம்மின் தொழில் ரகசியங்களை டெலெக்ஸ் தவறான வழியில் பெற்றது என்ற எதிர்வழக்கையும் ஏற்று, டெலெக்ஸ் 2.19 கோடி டாலர் கட்ட வேண்டும் என்றார். அன்றைய நாளிதழ்களின் கண்ணில் பெரிய தொகைதான் பட்டது. டெலெக்ஸைக் கொல்லக்கூடியதாக இருந்தது சின்னத் தொகை.

1975 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏகபோகக் குற்றச்சாட்டில் டெலெக்ஸின் வெற்றியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தது. போட்டி வந்தால் விலையைக் குறைப்பது எந்த வணிகரும் செய்வதுதான், அதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஆனால் ரகசியத் திருட்டுக்கான தொகையை ஓரளவு குறைத்து, 1.85 கோடி டாலராக நிலைநிறுத்தியது. இருபத்தைந்து கோடி வரவேண்டியவர் ஒரே நாளில் 1.85 கோடி டாலர் கடனாளியாக நின்றார். டெலெக்ஸ் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அங்கேயும் தோற்றால் திவால்தான் என்ற நிலையில், அந்த ஆண்டு அக்டோபரில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் எதுவும் தரவேண்டியதில்லை என்று சமாதானம் செய்துகொண்டு விலகின. கால்காம்ப், மெமோரெக்ஸ் ஆகியவற்றின் வழக்குகளும் நீதிமன்றத்தில் கரை சேரவில்லை. என் கருத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பைச் சட்டப்படி தவறு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. விலைக்குறைப்பைக் குற்றமாக்கினால் வாடிக்கையாளருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும்.

ஏறக்குறைய இதே காலத்தில், சற்றுப் பெரிய நிறுவனமான கன்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் தன் வழக்கில் உண்மையாகவே ஆதாயம் பெற்றது. சேமூர் கிரே வடிவமைத்த அதன் 6600 கணினிக்கு வாங்குவோர் வரிசையில் நின்ற நேரத்தில், இன்னும் கட்டி முடிக்காத இயந்திரம் ஒன்றை ஐபிஎம் அறிவித்து அந்த வரிசையைக் கலைத்தது என்பது 1968இல் அது தொடுத்த வழக்கு. 1973இல் சமாதானமானபோது, பிறருக்குக் கணினிப் பணிகளைக் கட்டணத்துக்குச் செய்துதரும் தன் சர்வீஸ் பீரோ நிறுவனத்தையே ஐபிஎம் அதற்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாக, ஐபிஎம்மின் ஆவணங்களைத் தேடி எடுப்பதற்காகத் தன் வழக்கறிஞர்கள் கணினியில் உருவாக்கி வைத்திருந்த அட்டவணையைக் கன்ட்ரோல் டேட்டா அழித்துவிட்டது. அப்போது ஐபிஎம் மீது தனியாக ஒரு வழக்கு நடத்திவந்த அமெரிக்க அரசுத் தரப்பு நம்பியிருந்ததும் அதே அட்டவணையைத்தான். வலுவான போட்டியாளர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகும்போது, பொது வழக்கின் கால் உடைந்தது.

அந்தப் பொது வழக்கு 1969 ஜனவரி 17 அன்று, அதிபர் ஜான்சன் அரசின் கடைசி நாள்களில் தொடரப்பட்டது. விசாரணை 1975இல்தான் தொடங்கியது. ஏறத்தாழ 700 நாள் நடந்தது. 1982 ஜனவரி 8 அன்று, தகுதியற்ற வழக்கு என்று சொல்லி அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள், முடிவில் ஒன்றுமில்லை என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது அரைகுறைக் கணக்காகவே படுகிறது. வழக்கு தலைக்கு மேல் தொங்கிய அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஐபிஎம் ஒவ்வொரு அடியையும் வழக்கறிஞரைக் கேட்டே எடுத்துவைத்தது. 1970இல் ஐபிஎம்மை விட்டு வெளியேறிய ஜீன் அம்டால், 1975இல் ஐபிஎம் மென்பொருளை அப்படியே ஓட்டக்கூடிய 470 இயந்திரத்தை நாசாவுக்கு அனுப்ப முடிந்ததும், அதன் பின்னர் சந்தையில் வேரூன்ற முடிந்ததும் இந்தக் காலத்தில்தான். அம்டாலுக்குப் புஜிட்சுவின் பணமும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே வழக்கின் இன்னொரு விளைவு, பின்னாளில் சிறு நிறுவனங்களுக்கே பூட்டாக மாறியது. வழக்கு வந்த சில மாதங்களில், 1969 ஜூனில், ஐபிஎம் தன் மென்பொருளையும் சேவைகளையும் வன்பொருளிலிருந்து பிரித்துத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. தனி மென்பொருள் தொழில் வளர்ந்ததற்கு அது பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவரை இயந்திரத்தோடு இலவசமாக வந்த ஒன்று, உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் பொருளாக மாறும் பாதையும் அன்றுதான் திறந்தது. இயக்க முறைமை அந்தப் பாதையில் கடைசியாக நடந்து வந்தது. இன்றும் எம்விஎஸ் 3.8ஜெ என்ற பழைய பதிப்பை யாரும் தன் மடிக்கணினியில் உரிமக் கவலையின்றி ஓட்டலாம். பயிற்சிக் காலத்தில் மெயின்ஃப்ரேம் லாகின் கிடைக்காமல் வரிசையில் காத்திருந்த நான், மெயின்ஃப்ரேமுக்கு வேலை கொடுக்கும் கட்டளை மொழியான ஜெசிஎல் எழுதிப் பழகியதே, சாதாரணக் கணினியை மெயின்ஃப்ரேம் போல இயங்கவைக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் அந்தப் பதிப்பை ஓட்டித்தான். அதற்குப் பின் வந்த எதையும் அப்படி ஓட்ட முடியாது.

ஐரோப்பிய ஆணையம் 1980களில் வேறு வழியில் போனது. 1984இல் ஐபிஎம்மிடம் ஓர் உறுதிமொழி வாங்கியது: புதிய இயந்திரத்தை அறிவித்தால், மற்றவர்கள் தங்கள் கருவியை அதோடு இணைப்பதற்குத் தேவையான தகவலைக் குறித்த காலத்துக்குள் வெளியிட வேண்டும். டெலெக்ஸ் போன்றவர்கள் பத்தாண்டுக்கு முன் எதிர்பார்த்தது இதைத்தான். அந்த உறுதிமொழி 1995இல் முடிவுக்கு வந்தது. 1956 ஆணையின் எஞ்சிய பகுதிகளும் 2001 ஜூலையோடு காலாவதியாயின. அதே சமயத்தில் ஐபிஎம் 64-பிட் கட்டமைப்புக்கு மாறியது. அம்டாலும், அதைப் போலவே ஐபிஎம் மென்பொருளை ஓட்டும் இயந்திரங்களைச் செய்துவந்த ஹிட்டாச்சியும் அந்த மாற்றத்தைத் தொடரப் போவதில்லை என்று ஒதுங்கின. களத்தில் எஞ்சியவர்கள் சில்லறை ஆட்கள் மட்டுமே.

அவர்களில் ஒருவர் பிளாட்ஃபார்ம் சொல்யூஷன்ஸ். அம்டாலில் இருந்தவர்கள் நடத்திய இந்த நிறுவனம், இன்டெல்லின் இட்டானியம் செயலியில் ஐபிஎம் மென்பொருளை ஓட்டும் இயந்திரத்தைச் செய்தது. 2006 நவம்பரில் ஐபிஎம் அதன் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. அது ஏகபோகக் குற்றச்சாட்டோடு எதிர்வழக்குப் போட்டது. இங்கே சட்டப் பிரச்சினை இரண்டாம் பட்சம். வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ, வழக்கில் சிக்கியுள்ள பெட்டியில் தன் கணக்கு முழுவதையும் ஏற்றுமா? நான் வேலை செய்த ஒரு வாடிக்கையாளரிடம் ஒருமுறை மலிவான எமுலேட்டர் யோசனை வந்தது. செயல்திறன் அறிக்கை, செலவுக் கணக்கு, சோதனைத் திட்டம் எல்லாம் மூன்று வாரம் உழைத்துத் தயாரித்தோம். ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயக்க முறைமையான இசட்/ஓஎஸ் பற்றிச் சட்டப் பிரிவினர் கேட்டது ஒரே கேள்வி: “இதில் இசட்/ஓஎஸ் ஓட்ட உரிமம் கொடுப்பார்களா?” கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிளாட்ஃபார்ம் சொல்யூஷன்ஸ் வழக்கு தீர்ப்பு வரை போகவே இல்லை. 2008 ஜூலையில் ஐபிஎம் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வழக்கு மறைந்தது, இயந்திரமும் மறைந்தது. முதலீடு செய்தவர்களுக்கு அது நல்ல முடிவாக இருந்திருக்கலாம். அந்த இயந்திரத்தை வாங்கி விற்க இருந்த புளோரிடாவின் டி3 நிறுவனம் நடுத்தெருவில் நின்றது. அது நியூயார்க்கில் தனித்து வழக்கைத் தொடர்ந்து 2009இல் தோற்றது. ஐரோப்பிய ஆணையத்திடமும் முறையிட்டது. டி3க்கு மைக்ரோசாஃப்டின் முதலீடு இருந்ததைச் சுட்டிக்காட்டி, இவர்கள் வேறொரு பெரிய நிறுவனத்தின் கைப்பாவைகள் என்று ஐபிஎம் வாதிட்டது. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பெரிய துணையில்லாமல் ஐபிஎம்மோடு வழக்காடும் வசதி எந்தச் சிறு நிறுவனத்துக்கு இருக்கிறது?

ஹெர்குலிஸை வணிகமாக்க முயன்ற பிரெஞ்சு நிறுவனமான டர்போஹெர்குலிஸ், தன் வாடிக்கையாளர்களுக்கு இசட்/ஓஎஸ் உரிமம் தருமாறு கேட்டது. கிடைத்த மறுப்பைத் தொடர்ந்து 2010 மார்ச்சில் ஒரு பட்டியலும் வந்தது: 106 காப்புரிமைகள், 67 விண்ணப்பங்கள். திறமூல மென்பொருளுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று ஐபிஎம் 2005இல் உறுதியளித்த 500 காப்புரிமைகளில் இரண்டு அந்தப் பட்டியலில் இருந்தது பெரிய சர்ச்சையானது. டெக்சாசின் நியான் நிறுவனமோ வன்பொருளையே தொடவில்லை. ஐபிஎம் மலிவாக விற்ற சிறப்புச் செயலிகளுக்கு வேலையைத் திருப்பிவிட்டு, மென்பொருள் கட்டணத்தைக் குறைக்கும் இசட்பிரைம் என்ற மென்பொருளை 2009இல் விற்றது; அந்த ஆண்டு இறுதியில் ஐபிஎம் மீது வழக்கும் போட்டது. 2011 மே மாதம் சமாதானமானபோது, இசட்பிரைமைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஆணையம் 2010 ஜூலையில் தொடங்கிய இரண்டு விசாரணைகளில், இயக்க முறைமையை வன்பொருளோடு பிணைப்பது பற்றியது புகார்தாரர்கள் பின்வாங்கியதும் 2011இல் மூடப்பட்டது. மற்றொன்றில், வெளியார் பராமரிப்பு நிறுவனங்களுக்கு உதிரிப் பாகங்களும் தகவலும் தர ஐபிஎம் உறுதியளித்தது. ஆரவாரமில்லாத அந்த இரண்டாவது முடிவுதான் நடைமுறையில் சிலருக்குச் சோறு போட்டது.

இனி ஒரு நிறுவனம் நிலைக்குமா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் எல்இசட்லேப்ஸ் இந்தச் சிக்கலைச் சுற்றிப்போகப் பார்த்தது: இசட்/ஓஎஸ்ஸே வேண்டாம், அதில் ஓடும் பயன்பாடுகளை மறுதொகுப்பு இல்லாமல், அதாவது நிரலை மறுபடி மாற்றியமைக்காமல், லினக்ஸில் ஓட்டுவோம் என்றது. ஆனால் அதன் துணை நிறுவனமான பிரிட்டனின் வின்சோபியா, 2013இல் ஐபிஎம்மிடம் முறையாக உரிமம் பெற்று ஒரு மெயின்ஃப்ரேமை வைத்திருந்தது. அந்த உரிமத்தை மீறி மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்தார்கள் என்று ஐபிஎம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2025 மார்ச்சில் நீதிபதி ஓ'ஃபாரல் ஐபிஎம் பக்கம் தீர்ப்பளித்தார். வின்சோபியா ஒப்பந்தத்தை மீறியது என்றும், எல்இசட்லேப்ஸும், நியானுக்குப் பின்னால் இருந்த ஜான் மூர்ஸும் அதற்குத் தூண்டுதலாக இருந்தனர் என்றும் கண்டார். இந்த வழக்கில் ஏகபோகம் பற்றிய பேச்சே மையமாக இல்லை. ஓர் உரிமப் பத்திரத்தின் வாசகங்கள் போதுமானவையாக இருந்தன.

ஆகவே, மலிவான மாற்று என்று யாராவது உங்கள் நிறுவனத்துக்கு வந்தால், அவர்களுடைய செயல்திறன் எண்களைக் கடைசியில் கேளுங்கள். முதலில், அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஐபிஎம் உரிமத்தில் எப்போதாவது கையெழுத்துப் போட்டவர்களா, வழக்கு வந்தால் உங்கள் செலவை அவர்கள் ஏற்பார்களா, அந்தச் செலவைத் தாங்கும் பணம் அவர்களிடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.